"வாடையை எப்படி சார் அனுப்புறது?"



பொங்கல் அன்று போட்ட பதிவில் அத்தானுக்கு உடம்பு சரியில்லாமல் போனதைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். அதற்கே எத்தனை போன்! துபாயிலிருந்து ஒருவன், சிங்கப்பூரிலிருந்து ஒருத்தி, திருப்பூரிலிருந்து நாலைந்து பேர். சிலர் கோபத்தோடு, "எந்த ஆஸ்பத்திரின்னு பேரைச் சொல்லுங்க சார், நாங்க பாத்துக்கறோம்" என்றீர்கள். பேரைச் சொல்லப் போவதில்லை. கார்த்திகை மாதத்தில் கேட்டிருந்தால் பேர், ஊர், டூட்டி நேரம் எல்லாம் சொல்லியிருப்பேன். இப்போது அந்தக் கோபம் வேறு இடத்துக்கு மாறிவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிதல்ல.

நடந்தது இது. நல்ல மழை, ராத்திரி பதினொன்றரை. அத்தானுக்கு 74 வயது. படுக்கையில் கிடக்கும் அக்காவைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் போட்டுக் கொடுத்தோம். முக்கால் மணி நேரம் அதில் போயிற்று. அது எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். பிறகு 108-ஐக் கூப்பிட்டோம். மழையிலும் சீக்கிரமே வந்தார்கள். பக்கத்து டவுன் அரசு ஆஸ்பத்திரியில் போன உடனே ஈ.சி.ஜி. எடுத்துவிட்டார்கள். எடுத்த நர்ஸ் அந்தத் தாளைப் பார்த்ததும் முகம் மாறியதை நான் பார்த்தேன். முப்பத்தாறு வருஷம் விடைத்தாள் திருத்தியவன், தாளைப் பார்க்கிறவர் முகம் எனக்குத் தெரியும்.

டூட்டி டாக்டர் சின்னப் பையன். இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். நர்ஸ் அவரிடம், "சார், காலேஜ்ல கார்டியாலஜி சாருக்கு போட்டோ அனுப்பிக் கேட்டுடலாமே" என்றார். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பார்த்தார். திரும்ப உள்ளே வைத்துவிட்டார். "வேணாம் சிஸ்டர், ரெஃபர் பண்ணிடலாம்" என்றார். மென்று விழுங்கச் சொல்லி மாத்திரைகள் கொடுத்து ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். மெடிக்கல் காலேஜ் அறுபது கிலோமீட்டர். மழையில் ஒன்றரை மணி நேரம். அங்கே போனதும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். போட்ட டாக்டர் என்னைப் பார்த்து, "இது அங்கேயே இருந்திருக்குமே, ஏன் போடல?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்வேன்? பிறகு விசாரித்ததில், அந்த ஊசி அங்கே ஃபிரிட்ஜில் இருந்திருக்கிறது.

அத்தான் பிழைத்தார். ஸ்டென்ட் வைத்தார்கள். ஆனால் இதயம் ரத்தத்தைத் தள்ளும் சக்தி குறைந்துவிட்டது. அக்காவைத் தனியாகத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டிருந்த மனுஷன், இப்போது மாடிப்படி நாலு ஏறினால் நிற்கிறார்.

நான் கலெக்டருக்கு நாலு பக்கம் புகார் எழுதினேன். நல்ல தமிழில், எண் போட்டு. உறையில் போட்டு ஒட்டியும் ஆயிற்று. அதைத் தபாலில் சேர்க்காமல் தடுத்தது ஒரு பழைய மாணவி.

1996-இல் பத்தாம் வகுப்பு முடித்த பெண். பேர் போட்டால் அவளுக்கு வேலையில் சங்கடம். பல வருஷம் அரசு ஆஸ்பத்திரிகளில் எமர்ஜென்சி வார்டில் இருந்துவிட்டு, இப்போது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருக்கும் நோயாளிகளை வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ். 2021 ஆகஸ்டில் அரசு ஆரம்பித்தது இந்தத் திட்டம். ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை வீடு தேடி வருவது எல்லாருக்கும் தெரியும். இயன்முறை சிகிச்சை, வலி நிவாரணப் பராமரிப்பு ஆகியவையும் அதில் உண்டு. அக்காவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு இவள்தான் வருகிறாள். மேஜைமேல் இருந்த உறையின் முகவரியைப் படித்துவிட்டு, "சார், இதைப் போடறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லட்டுமா" என்றாள்.

"அந்த டாக்டர் வேலை தெரியாம நிக்கல சார். யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியாம நின்னிருப்பார். ராத்திரி பன்னெண்டு மணிக்குப் பெரிய டாக்டரோட சொந்த நம்பருக்கு போட்டோ அனுப்பறது உதவி கேக்கற மாதிரி. அவர் தூங்கியிருக்கலாம். ஈசிஜி கூடப் பாக்கத் தெரியாதா, எங்க படிச்சேன்னு கேக்கலாம். போடுன்னு சொல்லி, போட்டு, மூளையில ரத்தக்கசிவு ஆச்சுன்னா? சொன்னவர் வரமாட்டார். போட்டவர்தான் நிக்கணும். ரெஃபர் பண்ணிட்டா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

எனக்கு இது சமாதானமாகப் படவில்லை. அன்றைக்கு அவளிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். ஆனால் அவள் போன பிறகு, சட்டம் என்ன சொல்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். தொலைமருத்துவத்துக்கு நம் நாட்டில் முறையான வழிகாட்டு நெறிகள் வந்தது 2020 மார்ச் 25-ஆம் தேதி. ஊரடங்கின் முதல் நாள். அதில் ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் தொலைவிலிருந்து ஆலோசனை கேட்கலாம் என்று தெளிவாக இருக்கிறது. கூடவே, கேட்கிறவர்தான் சிகிச்சை தருகிறவர், பொறுப்பும் அவருடையதே என்றும் இருக்கிறது. அவசர சிகிச்சையில், வேறு வழி இருந்தால் தொலைவழி ஆலோசனையைத் தவிர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது.

அந்தப் பையனின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். கேட்டாலும் பொறுப்பு அவனுடையது. கேட்காவிட்டாலும் அவனுடையது. கேட்டால் ஒரு திட்டு கூடுதல். அனுப்பிவிட்டால் பொறுப்பு ஆம்புலன்ஸோடு போய்விடுகிறது. போனை எடுத்து மறுபடி உள்ளே வைத்தானே, அந்தக் கை எனக்கு இப்போது வேறுமாதிரி தெரிகிறது.

ஆனால் இப்படித்தான் நடக்கும் என்று விதியில்லை. நம் தமிழ்நாட்டிலேயே மாரடைப்புக்கு ஒரு ஏற்பாட்டைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்று நடுவில், சுற்றிலும் சின்ன ஆஸ்பத்திரிகள். சின்ன இடத்தில் எடுக்கிற ஈ.சி.ஜி. நேராகப் பெரிய இடத்துக்குப் போகும். அங்கே பார்ப்பதற்கென்று ஆள் இருப்பார். கட்டி கரைக்கும் ஊசியைச் சின்ன இடத்திலேயே போட்டுவிட்டு, பிறகு ஆஞ்சியோவுக்கு அனுப்புவார்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் நோயாளிகளைப் பார்த்த அந்த ஆய்வு 2017-இல் அமெரிக்க இதய மருத்துவ இதழில் வந்தது. ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதமாக இருந்தது, ஏற்பாடு வந்தபின் 14.2 ஆயிற்று. நூறு பேரில் மூன்று பேருக்கு மேல். கணக்கு வாத்தியாருக்கு அது சின்ன எண்ணாகத் தெரியலாம். அந்த மூன்றில் ஒருவர் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவராக இருந்தால் அது சின்ன எண் இல்லை.

இமாச்சலப் பிரதேசத்திலும் இப்படி ஒன்று செய்தார்கள். மலைப்பக்கத்து மாவட்ட ஆஸ்பத்திரிகளில் நரம்பியல் நிபுணர் கிடையாது. பக்கவாதம் வந்தவரின் ஸ்கேன் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்ப, தூரத்திலிருந்த நிபுணர் பார்த்துச் சொல்ல, அங்கே இருந்த பொது மருத்துவரே ஊசி போட்டார். பக்கவாதத்துக்கு அந்த ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அக்காவை நாங்கள் சரியான இடத்தில் சேர்த்தபோது ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. அதனால் இந்தச் செய்தியைப் படித்தபோது சும்மா படித்துவிட்டுப் போக முடியவில்லை.

இந்த இரண்டு இடத்திலும் இருந்த போன்தானே நம் டவுன் ஆஸ்பத்திரியிலும் இருந்தது? அதே வாட்ஸ்அப்தானே? வித்தியாசம் என்னவென்றால், அங்கே பதில் சொல்வது ஒருவருடைய டூட்டி. இங்கே அது ஒருவர் செய்கிற உபகாரம். இன்று ராத்திரி யார் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு பெயர் சுவரில் எழுதியிருந்தால், அந்தப் பையன் போனை உள்ளே வைத்திருக்க மாட்டான்.

அடுத்த வாரம் அந்தப் பெண் வந்தபோது நானே பேச்சை ஆரம்பித்தேன். "உனக்கு இந்த வீடியோ கால் எல்லாம் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். சிரித்தாள். "சார், நீங்க நம்ம பக்கத்துக்கு வந்துட்டீங்க போல" என்றாள். அதன் பிறகு அவள் சொன்னதை எல்லாம் எழுத இடம் போதாது. முக்கியமானதை மட்டும் எழுதுகிறேன்.

அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே படுக்கைப்புண். டாக்டர் வீடியோவில் பார்க்க வேண்டும் என்கிறார். அவளுக்கு இரண்டு கை. ஒன்றில் போன். இன்னொன்றால் அக்காவைத் திருப்ப வேண்டும். டார்ச் யார் பிடிப்பது? அத்தான் பிடித்தார். சிக்னல் உள்ளறையில் வராது, ஜன்னல் பக்கம் கட்டிலை இழுக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே தெரு. அக்கா கூச்சத்தில் சேலையை இழுத்து இழுத்து மூடிக்கொள்கிறார். வாய் குழறுகிறதே தவிர, புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. ஐம்பது வருஷம் தலையிலிருந்து முந்தானை விழாமல் பார்த்துக்கொண்ட மனுஷி. யாரோ ஒரு முகம் தெரியாத ஆம்பளை டாக்டர் போனுக்குள் இருந்து அதைப் பார்க்கிறார் என்றால் எப்படி இருக்கும்?

அதை விட்டால் போட்டோ. போட்டோ எடுத்தால் அது அவளுடைய சொந்த போனில் இருக்கிறது. "சாயந்திரம் வீட்டுக்குப் போனா என் பையன் கேம் விளையாட போனைப் பிடுங்கிக்கறான் சார். கேலரியைத் திறந்தா வரிசையா புண்ணு. யாரோட உடம்போ. ஒவ்வொரு நாளும் பஸ்ஸுலயே உக்காந்து அழிச்சிட்டுத்தான் போறேன். ஒரு வாரம் கழிச்சு டாக்டர், போன வாரப் படத்தை அனுப்புங்க, ஆறுதான்னு பாக்கணும்னு கேப்பார். அழிச்சிட்டேன்னா திட்டு."

அந்தப் பதிவின் தலைப்பில் போட்டேனே, அது அவள் சொன்னதுதான். "புண்ணோட நிறம் வீடியோவில தெரியும் சார், அதுவும் வெளிச்சம் இருந்தா. ஆனா நாங்க கதவைத் திறந்து உள்ள நுழையும்போதே கண்டுபிடிச்சிடுவோம், மூக்காலதான். வாடை மாறியிருந்தா சீழ் வைக்கப் போகுதுன்னு அர்த்தம். அந்த வாடையை எப்படி சார் அனுப்புறது?"

ஆனால் அவள் தொலைமருத்துவம் வேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். இப்போதைய வட்டார டாக்டர் ஒருவர், ஆரம்பத்தில் இரண்டு நாள் அவளோடு வண்டியில் வீடு வீடாக வந்தாராம். அவள் கட்டுப் போடுவதைப் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு அவள் போன் செய்து "வாடை மாறியிருக்கு சார்" என்றால், படம் கேட்பதில்லை. அந்த வார்த்தையை நம்பி முடிவு சொல்கிறார். மார்கழியில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தபோது அப்படித்தான் நடந்தது. அக்காவைக் கட்டிலோடு தூக்கி வேனில் ஏற்றாமல், வீட்டிலேயே சமாளித்தோம். அதற்கு முன்பு இருந்தவரிடம் அவள் போன் செய்யவே மாட்டாளாம். "எடுத்ததும், நீ என்ன டாக்டரான்னு கேப்பார். அப்பறம் எதுக்குக் கூப்பிடணும்?"

இதை மேலிடத்தில் எப்படி எழுதுவார்கள் தெரியுமா? ஊழியர்களிடம் புதிய தொழில்நுட்பத்தை ஏற்கும் மனப்பான்மை குறைவு, பயிற்சி தேவை என்று எழுதுவார்கள். பயிற்சி என்றால் ஒரு ஏ.சி. ஹாலில் பொத்தானை எங்கே அமுக்குவது என்று காட்டுவது. எனக்கு இதில் நேரடி அனுபவம் உண்டு. நான் 2019-இல் ஓய்வு பெற்றேன். கடைசிக் காலத்தில் மாணவர் வருகையை போன் ஆப்பில் போடச் சொன்னார்கள். உங்களில் கடைசி செட் பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கும், வேப்பமரத்தடிச் சுவர் மேல் ஏறி நின்று சிக்னல் தேடினேன். நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். அந்த ஆப்பில் போட்டுவிட்டு, பழைய ரிஜிஸ்டரிலும் எழுத வேண்டும். முதல் பீரியடில் பத்து நிமிஷம் போய்விடும். நான் முணுமுணுத்தேன். கம்ப்யூட்டர் தெரியாத கிழட்டு வாத்தியார் என்று பேர் வாங்கினேன். கம்ப்யூட்டர் எனக்குத் தெரியும். இரண்டு தடவை ஒரே வேலையைச் செய்யத்தான் பிடிக்கவில்லை. அந்தப் பெண்ணும் அதையேதான் சொல்கிறாள். ஒரு நோயாளியைப் பார்த்தால் ஆப்பில் ஒன்று, நோட்டில் ஒன்று, மாதக் கடைசியில் எக்செல் ஷீட்டில் ஒன்று.

அதற்காக எல்லா முணுமுணுப்பும் நியாயம் என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்த ஒரு பெரிய டாக்டர் இருக்கிறார். "தொட்டுப் பார்க்காத வைத்தியம் வைத்தியமே இல்லை" என்று மேடையில் பேசுவார். ஆனால் அவருடைய வசதியான நோயாளிகள் அமெரிக்காவிலிருந்து வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் அனுப்பினால் நிமிஷத்தில் பதில் வரும். ஏழை வீட்டுப் புண் என்றால்தான் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. ராத்திரி போனை எடுக்காமல், காலையில் "ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்கும் ஆட்களும் உண்டு. அது தொழில்நுட்பப் பிரச்சினை அல்ல, அந்தஸ்துப் பிரச்சினை. நர்ஸ் ஒன்று சொல்லி டாக்டர் கேட்பதா, சின்ன ஊர் டாக்டர் ஒன்று சொல்லி காலேஜ் டாக்டர் கேட்பதா என்கிற பழைய வியாதி. புது போன் வாங்கிக் கொடுத்தால் அது தீராது.

நம் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். போனில் பார்த்து மருந்து சொன்னால், "நேர்ல கூடப் பாக்கல, போன்லயே பேசி அனுப்பிட்டாங்க" என்று ஊர் முழுக்கச் சொல்கிறவர்கள் நாம்தான். நானே சொல்லியிருக்கிறேன். 2020-இல் இ-சஞ்சீவனி வந்தபோது, வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசலாம் என்று பையன் எனக்கு போனில் போட்டுக் கொடுத்தான். டாக்டர் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு, வைத்ததும், "இவர் என் நாக்கைக் கூடப் பார்க்கவில்லையே" என்றேன். அவர் ஒழுங்காகத்தான் கேட்டார், சொன்னார். மூன்று நாளில் எனக்குச் சரியாகியும் விட்டது. ஆனாலும் குறை சொன்னேன். அப்படிக் குறை சொல்லும் குடும்பத்துக்கு முன்னால் ஒரு நர்ஸ் எந்தத் தைரியத்தில் போனை எடுத்து டாக்டரைக் கூப்பிடுவாள்?

இன்னொன்று, வெளிநாட்டில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு. அம்மாவைப் பார்க்க நர்ஸ் வரும்போது வீடியோ காலில் நுழைந்து, "அந்த மருந்து ஏன் கொடுக்கல, கூகுள்ல இப்படிப் போட்டிருக்கே" என்று கேட்காதீர்கள். இங்கே உங்கள் அம்மாவின் மலத்தைத் துடைப்பவள் அவள். உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. அவளுக்கும் புரிகிறது. ஆனாலும் நீங்கள் போனில் வந்தால் அவள் கை நடுங்குகிறது என்று என்னிடம் சொன்னாள்.

மென்பொருள் வேலையில் இருப்பவர்கள் உங்களில் நாற்பது, ஐம்பது பேராவது இருப்பீர்கள். அதில் இரண்டு பேர் மருத்துவ ஆப் செய்கிற கம்பெனியில் இருப்பது எனக்குத் தெரியும். லீவில் ஊருக்கு வரும்போது ஒரே ஒரு நாள் இந்தப் பெண்ணோடு வண்டியில் போய் வாருங்கள். நான் சொன்னால் அவள் கூட்டிப் போவாள். எடுத்த படம் சொந்த போனில் தங்காமல் நேராகப் போய்ச் சேர ஒரு வழி, சிக்னல் இல்லாதபோது எழுதி வைத்தால் பிறகு தானாகப் போகிற ஒரு வழி, ஒரு தடவை எழுதியது மூன்று இடத்திலும் பதிவாகிற ஒரு வழி. இதெல்லாம் உங்களுக்குப் பெரிய வேலையா என்ன?

அரசு வேலையில் மேலே இருக்கும் ஓரிருவரும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களிடம் கேட்பது இரண்டுதான். ஒவ்வொரு ராத்திரியும் சின்ன ஆஸ்பத்திரி டாக்டருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று டூட்டி லிஸ்ட் போடுங்கள். அவர் சொன்னது எழுத்தில் பதிவாகட்டும், சொன்னவருக்கும் பொறுப்பில் பங்கு இருக்கட்டும். எத்தனை கால் செய்தார்கள் என்று எண்ணி நர்ஸ்களை மிரட்டாதீர்கள். டார்கெட் வைத்தால் கால் நடக்கும், வைத்தியம் நடக்காது. நாங்கள் தேர்ச்சி சதவீதத்துக்காக என்னென்ன செய்தோம் என்பது உங்களுக்கே தெரியும், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள்தானே நீங்கள்.

புகார்க் கடிதத்தைக் கிழிக்கவில்லை. உறையைப் பிரித்து, அந்த டாக்டர் பையனைப் பற்றிய இரண்டு பக்கத்தை எடுத்துவிட்டு, டூட்டி லிஸ்ட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தேன். போன திங்கட்கிழமை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியாயிற்று. ஒப்புகை அட்டை இன்னும் வரவில்லை.

அத்தானுக்கு வரும் வியாழக்கிழமை எக்கோ. பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.